ஜாக்கெட்டுக்குக் கொடுத்த நம்பர்

எங்கள் சந்தில் தேவானையைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மாதத்தில் இரண்டு நாள், காலை ஒன்பது மணிக்கு மேல், லாட்ஜிலிருந்து ஒரு ஆம்பளையோடு இறங்கி வருவாள். ஒவ்வொரு தடவையும் புது ஆள். ஷேர் ஆட்டோவில் ஏறிப் போவாள். மத்தியானம் தனியாகத் திரும்பி வருவாள். வயது நாற்பத்தெட்டு. ஒரு சந்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? முனையில் பூ கட்டுகிற பச்சையம்மா அதோடு இன்னொன்றையும் சேர்த்தாள். லாட்ஜ் வேலையில் தேவானைக்குப் பொம்பளை சீக்கு ஒட்டிக்கொண்டதாம், அதற்குத்தான் ஆஸ்பத்திரிக்கு அலைகிறாளாம். படுக்கையில் ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு வருகிற நோய்க்கு ஊர் வைத்த பேர் அது. நானும் சும்மா இருக்கவில்லை. ஜாக்கெட் தைக்க வந்த நாலைந்து பேரிடம் அளவெடுக்கும்போதே சொல்லி அனுப்பினேன். டேப் கழுத்தில் இருந்தால் என் வாய் நிற்காது.

இப்போது உண்மைக் கதையைச் சொல்கிறேன். சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. ஏனென்றால் பாதிக் கதை என் கடையில்தான் நடந்தது.

தி.நகரில் உஸ்மான் ரோடுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சந்து. பெரிய துணிக்கடைகளின் பின்வாசல்கள் இங்கேதான் திறக்கும். என் தையல் கடை ஆறுக்கு எட்டு. எதிரே இருபத்திரண்டு ரூம் லாட்ஜ். தேவானை அங்கே ரூம் துடைக்கிறவள். மந்தைவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். கிழிந்த தலையணை உறைகளை என்னிடம் கொண்டுவந்து தைத்து வாங்கிப் போவாள். பேச்சு குறைவு. பேசினால் விளக்குமாற்றால் பெருக்குகிற மாதிரி இருக்கும்.

ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும் அந்த லாட்ஜின் ஒன்பதாம் நம்பர் ரூமுக்கு ஒரு பரம்பரை வைத்தியர் வருவார். பட்டு ஜிப்பா, ஜாடி ஜாடியாக லேகியம். செங்கல்பட்டு தாண்டி எல்லா ஊர் பஸ் ஸ்டாண்டிலும் அவர் போஸ்டர் உண்டு. கூச்சப்பட வேண்டாம், ரகசியம் காக்கப்படும் என்று எழுதியிருக்கும். அன்றைக்குக் காலை ஆறு மணியிலிருந்தே படிக்கட்டு முழுக்க வெளியூர் ஆம்பளைகள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். எல்லோர் கையிலும் ஒரு பை. திரும்பிப் போகும்போது கட்டாயம் அதில் ஒரு புடவையோ சுடிதாரோ இருக்கும். "தி.நகர் போய் துணி எடுத்தேன்" என்று சொன்னால் ஏன் போனாய் என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்பதில்லை. வைத்தியர் கெட்டிக்காரர். இடத்தைப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்.

தேவானை இவர்களைப் பல வருஷமாகப் பார்க்கிறாள். அவர்கள் ஏறி வருகிற படிகளை எனக்குப் பிற்பாடு ஒருமுறை சொன்னாள். முதலில் ஒன்றும் செய்ய மாட்டார்களாம், தானாகப் போய்விடும் என்று. அப்புறம் பக்கத்து ஊர் மெடிக்கல் ஷாப், பேர் சொல்லாமல் நாலு மாத்திரை. அப்புறம் எந்த நோய்க்கும் ஒரே ஊசி போடுகிற டாக்டர். அதற்கப்புறம்தான் தெரிந்த முகமே இல்லாத பட்டணத்து லாட்ஜ். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தை மட்டும் தொட மாட்டார்கள். அங்கே நர்ஸம்மா சொந்தக்காரியாக இருப்பாள், இல்லாவிட்டால் சொந்தக்காரியின் தோழியாக இருப்பாள்.

தேவானையின் வேலை முறை இதுதான். வராந்தாவைத் துடைத்துக்கொண்டே போவாள். யார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், யார் இரண்டாவது தடவை வந்திருக்கிறான் என்று பார்ப்பாள். அவன் காலைத் தூக்கும்போது தலை நிமிராமல் சொல்லுவாள், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனி இடம் இருக்கிறது, சுகவாழ்வு மையம் என்று போர்டு போட்டிருக்கும், ஊசி மருந்து எல்லாம் இலவசம், நான் கூட வருகிறேன் என்று. பத்துப் பேரில் ஒருத்தன் வருவான். அவனும் படியில் பாதி இறங்கி நின்றுவிடுவான். பேர் கேட்பார்களே. அதற்குத் தேவானையிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

"எந்தப் பேர்னா சொல்லு. உன் ரேஷன் கார்ட யாரும் கேக்கப் போறதில்ல."

அந்தப் பதில்தான் பின்னால் அவள் கழுத்தைப் பிடித்தது.

போன ஜனவரி இருபதாம் தேதி. காலை ஏழரை மணிக்கு என் ஷட்டர் பாதி ஏறும்போதே ஒரு பையன் வந்து நின்றான். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவன், வந்தவாசி பக்கம் ஒரு கிராமம். கையில் பச்சைப் பட்டுத்துணி, ஒரு அளவு ஜாக்கெட். மனைவிக்கு ஏழாம் மாசம், வளைகாப்பு வருகிறது, அதற்குத் தைக்க வேண்டும் என்றான். பக்கத்தில் பிரித்துவிட்டுக்கொள்ள துணி விடு என்று அவனே சொன்னான். நல்ல புருஷன் என்று நினைத்துக்கொண்டேன். ரசீதில் நந்தகுமார் என்று எழுதி போன் நம்பரும் வாங்கிக்கொண்டேன். ஒன்பதரை மணிக்கு அதே பையன் தேவானைக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்து ஷேர் ஆட்டோவில் ஏறினான். அன்று சாயங்காலமே பச்சையம்மாவுக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இந்தத் தடவை சின்னப் பையன் என்று.

இரண்டு நாள் கழித்துத் தேவானை தலையணை உறைகளோடு வந்தாள். முகம் கடுகடு என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் ஏஞ்சல் மேடம் என்று ஒருத்தர் இருக்கிறார், வருகிறவர்களிடம் உட்காரவைத்துப் பேசுகிற வேலை. அவர் போன் பண்ணினால் கோயமுத்தூரில் யாரோ எடுத்துத் திட்டுகிறானாம். அந்த ராகேஷ் பையன் தப்பு நம்பர் கொடுத்துவிட்டுப் போய்விட்டான் என்றாள்.

"எந்த ராகேஷ்?"

"அன்னிக்கு இட்டுனு போனேனே. மிஷின் ஓட்றவன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தவாசி பக்கம் எப்போதிலிருந்து ராகேஷ் என்று பேர் வைக்க ஆரம்பித்தார்கள் என்று கேட்டேன். அவன் பேர் நந்தகுமார், பொண்டாட்டிக்கு ஏழாம் மாச ஜாக்கெட் என்னிடம்தான் கிடக்கிறது என்று சொல்லி, பச்சைத்துணியை எடுத்து ஆட்டியும் காட்டினேன்.

தேவானை சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் என் கடையில் உட்கார்ந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

"கல்யாணமே ஆவலன்னு சொன்னான் நைனா."

பிறகு மெதுவாகச் சொன்னாள். அவனுக்கு அன்றே புண்ணைப் பார்த்து இடுப்பில் ஊசி போட்டுவிட்டார்கள். ரத்தமும் எடுத்தார்கள், சிபிலிஸ் என்கிற மேக நோய் என்று உறுதியாகிவிட்டது. அவன் பிழைத்துக்கொள்வான். ஆனால் அது பொண்டாட்டிக்குப் போயிருந்தால், அவளிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். உள்ளேயே செத்துப்போகலாம், நோயோடு பிறக்கலாம். இப்போதே அவளுக்கும் ஊசி போட்டால் பிள்ளையைக் காப்பாற்றலாம். ஒவ்வொரு வாரமும் தள்ளத் தள்ள அது கஷ்டமாகிக்கொண்டே போகும். ஆஸ்பத்திரி புத்தகத்தில் அவன் கல்யாணமாகாத ராகேஷ். யாரும் தேடப் போவதில்லை.

"எந்தப் பேர்னா சொல்லுன்னு நான்தான சொல்லிக் குடுத்தேன்" என்றாள். என் ரசீது புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பொய் நம்பர் கொடுத்தவன் ஜாக்கெட்டுக்கு உண்மையான நம்பர் கொடுத்திருந்தான். கொடுக்காவிட்டால் ஜாக்கெட் வராதே.

ஏஞ்சல் மேடத்திடம் கேட்டுவிட்டு வந்து தேவானை நிபந்தனை போட்டாள். போனில் நோயைப் பற்றி மூச்சு விடக்கூடாது, யார் எடுப்பார்கள் என்று தெரியாது. இரண்டு பேரும் நேரில் வர வேண்டும். எப்படி வரவைப்பது என்பது உன் பாடு, ஊரெல்லாம் கதை விடுகிற ஆள்தானே நீ என்றாள். பச்சையம்மாவிடம் நான் சொன்னது அவள் காதுக்கு எட்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

போன் போட்டேன். தைத்துவிட்டால் வந்தவாசி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பு, நான் வரமாட்டேன் என்றான். அளவு ஜாக்கெட் சுருங்கிப் போயிருக்கிறது, நேரில் அளவெடுக்க வேண்டும் என்றேன். குத்துமதிப்பாகத் தை என்றான். தேவானை எதிரில் நின்று என் வாயையே பார்க்கிறாள். இருபத்தெட்டு வருஷத் தொழிலில் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். துணியை வெட்டும்போது கெடுத்துவிட்டேன், கத்தரி கோணிவிட்டது, அதே துணி புதிதாக எடுத்துத் தருகிறேன், ஆனால் கலரை வீட்டுக்காரி வந்து பார்த்துவிடட்டும், பிறகு என்மேல் பழி வரக்கூடாது என்று. உடனே அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், போலாமே, எனக்கும் தி.நகர் பார்க்கணும் என்றது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி வைத்தான்.

வெள்ளிக்கிழமை பத்தாயிற்று. பதினொன்றாயிற்று. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணிக்குச் சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். ஒரு மணி வரைக்கும் இருக்கிறேன் என்று ஏஞ்சல் மேடம் சொல்லியிருந்தார். தேவானை ஒரு ரூமைப் பெருக்குவாள், ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள், அடுத்த ரூம். நான் ஒரே ஊசியில் மூன்று தடவை நூல் கோத்தேன். போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். பதினொன்றே முக்காலுக்கு ரங்கநாதன் தெரு பக்கமிருந்து வந்தார்கள். அந்தப் பெண் வலது கையை இடுப்பில் ஊன்றி மெதுவாக நடந்து வந்தாள். பேர் சிந்து. இருபத்திரண்டு வயதுக்குள் இருக்கும். ஸ்டூலைப் போட்டு ஃபேனைத் திருப்பினேன்.

நந்தகுமார் தேவானையைப் பார்த்ததும் வெளிறிப்போனான். வாசலுக்கு வெளியே, சந்தின் ஓரமாக அவனை அழைத்துக்கொண்டு போனாள். என் மிஷினுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். நான் மிஷினை நிறுத்தவில்லை. ஊசிக்குக் கீழே துணி இல்லாமலே மிதித்துக்கொண்டிருந்தேன்.

தேவானை விஷயத்தைச் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை. மூன்றாம் மாசமே அவளுக்கு ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது என்றான். அதற்குப் பிறகு நெல்லூர் பக்கம் மிஷின் ஓட்டப் போன இடத்தில்தான் இது ஒட்டியது என்று ஆஸ்பத்திரியில் நீயே சொன்னாய், அங்கிருந்து வீட்டுக்கு வந்தாயா இல்லையா என்று கேட்டாள். அவன் இன்னொன்று வைத்திருந்தான்.

"அவளுக்கும் மருந்து குடுத்துட்டுதான்க்கா இருக்கேன். அஞ்சாம் தேதியே வைத்தியர் ஜோடி மருந்துன்னு ரெண்டு ஜாடி குடுத்தாரு. சத்து லேகியம்னு சொல்லி பால்ல கலந்து தர்றேன்."

கெட்டவன் இல்லை அவன், அதுதான் கஷ்டம். பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு இருபது நாளாகப் பாலில் லேகியம் கலக்கியிருக்கிறான்.

அந்த லேகியத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று தேவானை சொன்னாள். அவன் குரல் உயர்ந்தது. சொன்னால் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், நாலு அண்ணன்கள் இருக்கிறார்கள், வளைகாப்புக்கு ஊரே வரப்போகிறது, என்னை என்ன செய்யச் சொல்கிறாய் என்றான். அப்புறம் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"எந்திரி சிந்து. ஜாக்கெட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரு மணி பஸ்ஸு."

அவள் எழுந்திருக்கவில்லை. தேவானை வாசலை மறித்து நிற்கவில்லை, ஓரமாகத்தான் நின்றாள். அந்த ரகசியத்தை அவள் வாயால் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. என்னிடம் அன்றைக்குச் சொன்னது ஒன்றைத் தவிர அதை அவள் மீறியதில்லை. நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

"ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணும்மா, உனுக்கும் கொயந்தைக்கும் நல்லது" என்றாள் தேவானை. "காரணத்த உன் வூட்டுக்காரு சொல்லுவாரு. அவுருதான் சொல்லணும்."

சிந்து புருஷனைப் பார்த்தாள். பிறகு என் மேஜைமேல் கிடந்த பச்சைத்துணியைப் பார்த்தாள். அதில் ஒரு வெட்டுகூடத் தப்பாக இல்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"காரணம் அந்த லேகியமா?" என்று அவனைக் கேட்டாள். "அது ஒரு நாளும் நான் குடிக்கல. கசப்பு. கெணத்தடில ஊத்திட்டேன். சத்துக்கு யாராச்சும் கதவச் சாத்திட்டுக் கலக்குவாங்களா?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நூலும் வெட்டுத்துணியும் கிடக்கிற தரை.

"நீ சொல்றியா, இவங்களக் கேக்கட்டுமா?"

சொன்னான். என்ன சொன்னான் என்று நான் எழுதப் போவதில்லை. எனக்கும் எழுதாமல் விட ஒன்றிரண்டு இருக்கின்றன. அவள் அழவில்லை. எழுந்து புடவையைச் சரிசெய்தாள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று தேவானையைக் கேட்டாள். அப்போது மணி பன்னிரண்டேகால். ஆட்டோவில் அவளும் தேவானையும் பின்னால் ஏறினார்கள். அவன் ஏறப்போனபோது, முன்னால டிரைவர் பக்கத்துல குந்து என்றாள் சிந்து. குந்தினான். பச்சையம்மா பூவை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தாள். இந்தத் தடவை ஒரு ஆம்பளை, ஒரு கர்ப்பிணி. அவளுக்கு மூன்று நாளைக்குப் போதும்.

நான் மூன்று மணி வரைக்கும் ஒரு தையல் போடவில்லை. தேவானை மட்டும் திரும்பி வந்தாள். ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்களாம். டெஸ்டில் அந்தப் பெண்ணுக்கும் வந்திருந்தது. அன்றைக்கே ஊசி. இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை வர வேண்டும்.

"வருவாளா?"

"அவ வருவா. அவனையும் இஸ்துனு வருவா."

வந்தார்கள். இரண்டாவது வெள்ளிக்கிழமை ஜாக்கெட்டைக் கொடுத்தேன். பக்கத்துக்கு இரண்டு விரல் கூடுதலாகத் துணி விட்டிருந்தேன். என் கத்தரியின் மானத்தையும் அதோடு மீட்டுக்கொண்டேன். மூன்றாவது தடவை வரும்போது வளைகாப்பு முடிந்திருந்தது. சிந்து ஒரு டஜன் கண்ணாடி வளையல் கொண்டுவந்து தேவானையிடம் நீட்டினாள். தேவானை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு இடது கையில் மட்டும் போட்டுக்கொண்டாள். வலது கை பக்கெட் தூக்குகிற கை, உடைந்துவிடுமாம்.

பிள்ளைப்பேறு வரைக்கும் சிந்து அம்மா வீட்டில்தான் இருந்தாள். அண்ணன்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது. ஒரு நாள் காலையில் என் போன் அடித்தது. நந்தகுமார். பெண் குழந்தை, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறது, அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்றான். ஆஸ்பத்திரி புத்தகத்திலும் இப்போது அதே நம்பர்தான்.

இதற்குள் வைத்தியர் லாட்ஜ் மேனேஜர் வேதநாயகத்திடம் புகார் செய்துவிட்டார், கூட்டிப் பெருக்குகிறவள் என் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று. வேதநாயகம் நல்ல மனுஷர், ஆனால் ஒன்பதாம் நம்பர் ரூம் போனால் அவர் வேலையும் போகும். ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும் நீ வர வேண்டாம் என்று தேவானையிடம் சொல்லிவிட்டார். அவள் வருகிறாள். லாட்ஜுக்குள் போகாமல் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைக்கிறாள். படிக்கட்டில் இடம் இல்லாதவர்கள் சந்தில்தானே நிற்க வேண்டும். ஒருத்தன் சாய்ந்து நின்றால் அவள் கண்ணுக்குத் தப்பாது. பழைய பேச்சில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டாள். பேரை எப்படி வேண்டுமானாலும் சொல்லு, நம்பரை மட்டும் நெசமாகச் சொல்லு என்கிறாள்.

போன ஐந்தாம் தேதி கூட்டம் இல்லை. அவள் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள், இடது கையில் அந்த வளையல் நாலைந்து மிச்சம். எனக்கு வாய் அரித்தது. வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். லாட்ஜ் வேலையில் உனக்கும் அந்தச் சீக்கு வந்ததாகப் பச்சையம்மா சொல்கிறாளே, நெசமா என்று. பச்சையம்மா என்று சொன்னேனே தவிர, யார் யாரெல்லாம் சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"லாட்ஜுல நான் சேந்தது நாப்பது வயசுல. சீக்கு வந்தது இருவதுல. மதுராந்தகம் பக்கம் கட்டிக் குடுத்தாங்களே, அந்தத் தாலி கட்னவன் குடுத்தான். மெடிக்கல் ஷாப்பு, ஊசி டாக்டரு, வேப்பலை அடிக்கிறவன், எல்லாத்தையும் பாத்தோம், ஆஸ்பத்திரிய மட்டும் பாக்கல. ரெண்டு கொயந்தைங்க வயித்துலயே செத்துச்சு. அதுக்கப்புறந்தான் மெட்ராஸ்க்கு வந்து ஊசி போட்டுக்கினேன். வந்துச்சுன்னு சொல்லு, பரவால்ல. லாட்ஜுல வந்துச்சுன்னு சொல்லாத."